பத்தொன்பதாம் பத்தி

அத்தியாயம் 11

நான் சொல்வதில் எவ்வளவு சரியான நினைவு என்று எனக்கே சந்தேகம்தான். ஒரு விஷயத்தை நீதிமன்றத்தில் சத்தியம் செய்து "நினைவில்லை" என்று சொல்லிவிட்டால், அது கொஞ்சம் கொஞ்சமாக நிஜமாகவே மறந்துபோகத் தொடங்குகிறது. மறந்துவிட்டதா, மறக்கப் பழகிவிட்டோமா என்று பிரித்துப் பார்க்க முடியாத இடம் ஒன்று வருகிறது. இரண்டு வருடமாக நான் அங்கேதான் குடியிருந்தேன்.

ஆனால் அந்த வெள்ளிக்கிழமை நன்றாக நினைவிருக்கிறது. அதில் சந்தேகமில்லை.

என் தம்பி லைலை உங்களுக்கு முன்பே தெரியும். இந்த வாரம்தான் முதல்முறை படிக்கிறீர்கள் என்றால் இவ்வளவு போதும்: லைல் சாஸ்ட்ரோ, நாற்பத்தோரு வயது, கூரை போடும் வேலை. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நவம்பர் மாலை, எங்கள் அப்பாவின் பாரில் குடித்துவிட்டு டிரக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினான். தன் வீட்டுக்கு முன்னால் சாலையோரத் தபால் பெட்டியில் தனக்கு வந்த கடிதத்தை எடுத்துக்கொண்டிருந்த மார்லிஸ் ஹோயமை இடித்தான். நிறுத்தவில்லை. நேரே வீட்டுக்கு வந்துவிட்டான்.

மார்லிஸ் எங்கள் தேவாலயத்தில் முப்பது வருடமாக ஆர்கன் வாசித்தவர். இடது கால் மூன்று இடத்தில் முறிந்தது. இப்போது ஊன்றுகோலோடு நடக்கிறார். ஆர்கனுக்குக் கை மட்டும் போதாது, காலும் வேண்டும். அதனால் அவர் இப்போது கடைசி வரிசையில் உட்கார்ந்து, வேறு யாரோ வாசிப்பதைக் கேட்கிறார்.

சாலையில் சிந்திக் கிடந்த முன்விளக்குக் கண்ணாடித் துண்டுகளைப் பார்த்துக்கொண்டே பின்தொடர்ந்து வந்தவர் கர்ட் பிராண்ட். மாவட்டக் காவலைப் பார்க்கும் ஷெரிப் அலுவலகத்தில் அதிகாரி. லைலோடு இரண்டாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்தவர். லைலின் கார் ஷெட் கதவு திறந்திருந்தது. கர்ட் நேரே உள்ளே நடந்துபோனார்.

எங்கள் ஊரில் யாரும் யார் வீட்டு முன்கதவையும் தட்டுவதில்லை. முன்கதவு சவ ஊர்வலத்துக்கும் மதப் பிரசாரகர்களுக்கும்தான். மற்ற எல்லாரும் ஷெட் வழியாக வருவார்கள். அங்கே ஒரு பழைய ஃப்ரிஜ் இருக்கும். அதிலிருந்து ஒரு பீரை எடுத்துக்கொண்டு, அதற்குப் பிறகுதான் "யாராவது இருக்கீங்களா?" என்று குரல் கொடுப்பார்கள். கர்ட் அந்த ஷெட்டுக்குள் அப்படி ஆயிரம் முறை நுழைந்திருப்பார். அன்று சீருடையில் நுழைந்தார். அதுதான் அவர் செய்த தவறு.

ரத்தப் பரிசோதனையில் மதுவின் அளவு, சட்டம் அனுமதிப்பதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. குடித்துவிட்டு ஓட்டிப் பிடிபட்டது லைலுக்கு அது நான்காவது முறை. "இந்த ஊரில் எல்லாரும் அப்படித்தானே நுழைவார்கள்" என்று உள்ளூர் நீதிபதி கர்ட் கேட்காமல் நுழைந்தது பற்றிய லைலின் வழக்கறிஞரின் ஆட்சேபத்தைத் தள்ளிவிட்டார். லைல் குற்றத்தை ஒப்புக்கொண்டான். பதினெட்டு மாதச் சிறை, மேல்முறையீடு முடியும்வரை நிறுத்திவைக்கப்பட்டது.

வியாழக்கிழமை அது முடிந்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையை ரத்துசெய்தது. கர்ட் ஷெட்டுக்குள் போனது சட்டவிரோதம், ஆகவே அதற்குப் பின் கிடைத்த எதுவும் செல்லாது. ரத்தமும் செல்லாது.

*

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு நான் பாரைத் திறக்கப் போனபோது அப்பா எனக்கு முன்பே வந்திருந்தார். பாட்டில்களுக்குப் பின்னால் இருக்கும் நீளக் கண்ணாடியில் தீர்ப்பின் பதினொரு பக்கங்களையும் வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தார். கையில் மஞ்சள் மார்க்கர்.

"வா அனெட், வா. உன்னப் பத்தி எழுதியிருக்காங்க பாரு."

"என்னப் பத்தியா?"

"பத்தொன்பதாம் பத்தி. ஏழாவது பக்கம்."

மஞ்சள் பூசிய வரிகளைப் படித்தேன்.

'பிரதிவாதியின் சகோதரி சமையலறை வாசலில், ஏறக்குறைய பத்தடி தூரத்தில் நின்றிருந்தார். பிரதிவாதி அதிகாரியை உள்ளே அழைத்ததாகத் தமக்கு நினைவில்லை என்று அவர் சாட்சியமளித்தார். அதிகாரியோ, பிரதிவாதி ஏதோ சொன்னதாக நினைப்பதாக மட்டுமே கூறினார். அழைப்பு இருந்தது என்று நிறுவவேண்டிய பொறுப்பு அரசுடையது. அக்கம்பக்கத்தார் ஒருவர் ஷெட்டுக்குள் ஒருவர் சென்றுவரும் வழக்கம், சீருடை அணிந்த காவல் அதிகாரிக்குத் தரப்பட்ட அனுமதி ஆகாது.'

இரண்டாம் முறையும் படித்தேன். அதில் ஒரு குறையும் இல்லை. மூன்று நீதிபதிகள், எங்கள் ஊரைப் பார்த்தே இராதவர்கள், தங்களுக்கு முன்னால் வைக்கப்பட்டதை வைத்து நேர்மையாகத்தான் எழுதியிருந்தார்கள். முன்னால் வைத்தது நான்.

 

"அன்னிக்கு நான் என்ன சொன்னேன்?" அப்பா மார்க்கரை மூடிக்கொண்டே கேட்டார். "பொய் சொல்லாத, நினைவில்லைன்னு மட்டும் சொல்லுன்னேன். நினைவில்லங்கறது பொய்யா? அத எவனாலயாவது பொய்னு காட்ட முடியுமா?"

"முடியாதுதான்."

"பின்ன? மூஞ்சிய ஏன் இப்படி வச்சிருக்க? உன் தம்பி வெளிய வந்திருக்கான்."

"அவன் உள்ள போகவே இல்லையேப்பா."

 அப்பா எழுபத்திரண்டு வயதில் ஏணிமேல் ஏறி எட்டாவது பக்கத்தின் மூலையை அழுத்தி ஒட்டினார். நானும் பேசாமல் நின்றேன். எங்கள் குடும்பத்தில் எல்லா முக்கியமான முடிவுகளும் இப்படிப் பேசாமல் நின்ற நேரங்களில்தான் எடுக்கப்பட்டிருக்கின்றன.

பதினொரு மணிக்கு லைல் வந்தான். நடந்தே வந்திருந்தான். குளிரில் காதெல்லாம் சிவந்திருந்தது. இரண்டு வருடமாக அவனை வேலைக்குக் கொண்டுபோய் விடுவதும் கூட்டிவருவதும் நான்தான். அன்று அவன் என்னைக் கூப்பிடவில்லை.

"அக்கா, இனிமே நீ எனக்கு டிரைவர் இல்ல. வேலய விட்டுத் தூக்கியாச்சு."

"லைசென்ஸ் வந்துடுச்சா?"

"வரும், வரும். பேப்பர் வேலை."

அப்பா கல்லாவுக்குப் பக்கத்து ஆணியில் இரண்டு வருடமாகத் தொங்கிய டிரக் சாவியை எடுத்தார். அதை ஒரு துணியால் துடைத்து அவன் உள்ளங்கையில் வைத்தார். தேவாலயத்தில் அப்பம் வைப்பதுபோல அவ்வளவு பக்தியாக.

"பின்னாடி நிக்குது. பேட்டரி நேத்தே மாத்திட்டேன். சும்மா ஸ்டார்ட் பண்ணி மட்டும் பாரு."

"அப்பா" என்றேன்.

"சும்மாதான் சொன்னேன், ஸ்டார்ட் பண்ணுன்னு."

*

வெள்ளிக்கிழமை என்றால் எங்கள் பாரில் மீன் வறுவல். நாலரை மணிக்கே உட்கார இடமிருக்காது. வறுத்த மீன், உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், கம்பு ரொட்டி, பிராந்தி. அன்று அறுபது பேருக்கு மேல் இருந்தார்கள். பாதிப் பேர் தீர்ப்பைப் பார்க்க வந்தவர்கள். யாரும் படிக்கவில்லை. கண்ணாடியைப் பார்த்துத் தலையாட்டினார்கள்.

எங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஒருவருக்கு நீங்கள் ஒரு பானம் வாங்கித் தர நினைத்தால், நான் அவர் முன்னால் காலிக் குட்டி கிளாஸ் ஒன்றைக் கவிழ்த்து வைப்பேன். கையிலிருப்பது தீர்ந்ததும் அவர் அதை என் பக்கம் தள்ளுவார், நான் ஊற்றுவேன். கவிழ்த்துவைத்த கிளாஸை வேண்டாம் என்பது முகத்தில் துப்புவதற்குச் சமம்.

லைல் முன்னால் ஒன்பது கவிழ்ந்திருந்தன.

"சட்டம் படிச்சிருந்தா இவன் பெரிய வக்கீலா வந்திருப்பான்" என்றார் பால் லாரி ஓட்டும் டெல்பர்ட்.

"வக்கீலுக்குக் கூரை ஒழுகுனா யார கூப்பிடுவான்? என்னத்தான்" என்றான் லைல். எல்லாரும் சிரித்தார்கள். ஒரு கிளாஸை என் பக்கம் தள்ளினான். ஊற்றினேன்.

நாலே முக்காலுக்கு மார்லிஸ் வந்தார். வராமல் இருப்பார் என்று எல்லாரும் எதிர்பார்த்தது சத்தம் குறைந்த விதத்தில் தெரிந்தது. ஒவ்வொரு வெள்ளியும் வருவதுபோலவே வந்து, பாரின் கோடியில் தன் வழக்கமான நாற்காலியில், ஊன்றுகோலை முழங்காலுக்கு நடுவே வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவருக்கு அறுபத்தாறு வயது. கோட்டைக் கழற்றவில்லை.

நான் தட்டை வைப்பதற்குள் அப்பா வந்து அவர் முன்னால் ஒரு கிளாஸைக் கவிழ்த்து வைத்தார்.

"கடை சார்பா, மார்லிஸ். மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க."

மார்லிஸ் அந்தக் கிளாஸைப் பார்த்தார். அப்பா போகும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ஒரே விரலால் அதை மேசையின் ஓரம்வரை நகர்த்தி, என் கையில் விழவைத்தார்.

"அனெட், நேத்து ராத்திரி அந்தத் தீர்ப்ப நாலு தடவ படிச்சேன்" என்றார். குரலை உயர்த்தவில்லை. "அது தப்புன்னு நான் சொல்லல. என் ஷெட்டுக்குள்ள போலீஸ் கேக்காம நுழைஞ்சா எனக்கும் புடிக்காதுதான்."

நான் தட்டை வைத்தேன்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். பத்தொன்பதாம் பத்தி. அது உண்மையா?"

"நினைவில்ல மார்லிஸ்."

அது வாயிலிருந்து வந்த வேகத்தைக் கண்டு எனக்கே அருவருப்பாக இருந்தது. யோசிக்கக்கூட இல்லை.

"சரிம்மா" என்றார். எலுமிச்சையைப் பிழிந்து மீனைச் சாப்பிட ஆரம்பித்தார். அவர் திட்டியிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

*

ஐந்து மணி சுமாருக்கு கர்ட் வந்தார். அன்று அவருக்கு விடுமுறை. பனிக்கோட்டும் பின்னல் தொப்பியும் போட்டிருந்தார். வீட்டுக்கு நாலு பொட்டலம் சொல்லியிருந்தார் அவருடைய மனைவி. இந்த ஊரில் வெள்ளிக்கிழமை மீனுக்கு வேறு இடம் இல்லை.

கதவுக்கு உள்ளே இரண்டடி வைத்ததும் நின்றுவிட்டார்.

"யாரது உள்ள வர்றது? தட்டுனியா?" டெல்பர்ட் கத்தினார்.

"வாரண்ட் இருக்கா கர்ட்?"

"கையத் தூக்கிட்டு வாப்பா, மீனப் புடிச்சுட்டுப் போயிடப் போற!"

சிரிப்பு ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை போய்த் திரும்பியது. கர்ட் தொப்பியைக் கழற்றி இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டார். நெற்றியில் தொப்பியின் தடம்.  என்னைப் பார்த்து நாலு விரல் காட்டினார், நாலு பொட்டலம் என்று.

அப்போதுதான் லைல் தன் நாற்காலியில் அப்படியே திரும்பி இரண்டு கையையும் விரித்தான். ஆறாவது கிளாஸ் முடிந்திருந்தது.

"டேய், விடுங்கடா அவன! ஏன் வாசல்லயே நிக்கற? வாடா கர்ட், குளிருது, உள்ள வந்து கதவ மூடு."

கர்ட் அசையவில்லை. "என்ன சொன்ன?"

"அன்னிக்கு என்ன சொன்னேனோ அதான். வார்த்த மாறாம. நீதான் கோர்ட்டுல அத ஒழுங்கா சொல்லத் தெரியாம முழிச்ச!"

சிரிப்பு வெடித்தது. டெல்பர்ட் மேசையில் அடித்தார், உப்புக் குப்பி உருண்டது. அப்பாவும் சிரித்தார். அப்பா கடைசியாகச் சிரித்தார், முதலில் நிறுத்தினார்.

எனக்கு அது அப்படியே திரும்ப வந்தது. லைலின் வீட்டுச் சமையலறை வாசல். என் கையில் சூடான பாத்திரம். லைல் டிரக்கில் சாய்ந்து நின்று, கர்ட்டைப் பார்த்து, இதே குரலில், இதே வார்த்தைகளை, கதவை மூடு என்பதுவரை. கர்ட் அதைக் கவனிக்கக்கூட இல்லை. அவருக்கு அந்த ஷெட்டில் யாருடைய அழைப்பும் தேவைப்பட்டதே இல்லை, எதற்குக் காதில் வாங்கப்போகிறார்? கேட்டது நான். நான் கேட்டேன்.

அந்தச் சிரிப்பு அடங்கியது. பிறகு நடந்ததை நினைத்தால்தான் எனக்கு இன்னும் குமட்டுகிறது. அறுபது பேரும் குனிந்து மீனைச் சாப்பிட ஆரம்பித்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. கேட்டதை ரொட்டியோடு சேர்த்து விழுங்கிவிட்டார்கள். அவர்கள் எல்லாரும் மார்லிஸை ஞாயிற்றுக்கிழமை பார்ப்பவர்கள். பாதிப் பேருடைய கல்யாணத்தில் அவர்தான் வாசித்தார்.

மார்லிஸ் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். 

லைல் ஏழாவது கிளாஸை என் பக்கம் தள்ளினான்.

"ஊத்து அக்கா."

நான் ஊற்றவில்லை. ஆர்டர் எழுதும் பச்சைச் சீட்டுக் கட்டை எடுத்தேன். மீனின் எண்ணிக்கை எழுதும் இடத்தில் எழுதினேன். என் தம்பி அன்று கர்ட் பிராண்டை உள்ளே அழைத்ததைக் கேட்டேன். நீதிமன்றத்தில் நினைவில்லை என்று சொன்னது பொய். இன்று அவனே அதை எல்லார் முன்னாலும் சொன்னான். தேதி, நேரம். கீழே அனெட் சாஸ்ட்ரோ என்று கையெழுத்துப் போட்டேன்.

"என்ன எழுதற?" என்றான் லைல். நான் சீட்டை அவனைத் தாண்டி மார்லிஸிடம் கொடுத்தேன்.

மார்லிஸ் மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தார். பேனாவைக் கேட்டார். 'நானும் கேட்டேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டார். பிறகு பேனாவையும் சேர்த்துப் பக்கத்து ஆளிடம் நீட்டினார்.

"நீங்களும் கேட்டீங்கல்ல?"

அவர் படித்தார். "எனக்குக் காது கொஞ்சம் மந்தம், மார்லிஸ்" என்று அடுத்தவரிடம் தள்ளினார். அடுத்தவர் படிக்கவே இல்லை, தள்ளினார். அதற்கடுத்த பெண், "நான் கொழந்தைக்கு ஊட்டிட்டிருந்தேன்" என்றாள். டெல்பர்ட் சீட்டைத் தூக்கிப் பார்த்து, "சும்மா வெளையாட்டுக்குச் சொன்னான்மா, வெளையாட்டுக்கு" என்றார். அந்த நீள மேசையில் பீர் கிளாஸ் வழுக்கிப் போவதுபோல அந்தச் சீட்டு கை மாறிக்கொண்டே போனது. அது போன வேகம் எனக்கு மறக்காது.

கடைசியில் அப்பாவிடம் வந்தது. ஒரு முனையில் மயோனைஸ் பட்டிருந்தது.

அப்பா அதைக் கையைத் தூரமாக நீட்டிப் படித்தார். என் பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி பேசினார்.

"இது கர்ட் கைக்குப் போனா யாரு உள்ள போவான்னு தெரியுமா? லைல் இல்ல. நீ. சத்தியம் பண்ணி பொய் சொன்னவ நீதான்."

"தெரியும்ப்பா."

"நான்தான் சொல்லச் சொன்னேன்னு சொல்வியா?"

அதைத்தான் அவர் கேட்டார். மகளுக்கு என்ன ஆகும் என்றோ, மார்லிஸின் கால் என்றோ அல்ல. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். வாயோரத்தில் ரொட்டித் துணுக்கு ஒட்டியிருந்தது. இந்த மனிதரைத்தான் நான் நாற்பத்தாறு வருடமாக நல்லவர் என்று எல்லாரிடமும் சொல்லி வந்திருக்கிறேன்.

"கேட்டா சொல்வேன்" என்றேன்.

அவர் சீட்டைக் கசக்கவில்லை. அறுபது பேர் பார்க்கும்போது கசக்க முடியாது. என் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போனார். நான் நாலு மீன் பொட்டலங்களின்மேல் அந்தச் சீட்டை வைத்து கர்ட்டிடம் நீட்டினேன். அவர் அதே இடத்தில், கதவுக்கு உள்ளே இரண்டடியில் நின்றுகொண்டிருந்தார்.

கர்ட் படித்தார். 

"அனெட், இத நான் வாங்கிட்டா திருப்பிக் குடுக்க முடியாது. திங்கக்கெழம அரசு வக்கீல்கிட்ட போயிடும். உனக்குப் புரியுதுல்ல?"

"எடுத்துட்டுப் போங்க."

"கேஸ திரும்ப எடுக்க இது போதுமா, போதாதா, அதுவும் எனக்குத் தெரியாது. திரும்பவும் அந்த நீதிபதிங்கதான் முடிவு பண்ணணும்."

"கர்ட், மீன் ஆறிடப்போகுது. எடுத்துட்டுப் போங்க."

அவர் சீட்டை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டார். நான் திரும்பிப் பார்த்தபோது லைலின் நாற்காலி காலியாக இருந்தது. சமையலறைப் பின்கதவு லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

*

அன்று மாலை ஆறு மணிக்கு யார் எங்கே இருந்தோம் என்பதைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

மார்லிஸ் தன் தட்டை முழுதாகச் சாப்பிட்டுவிட்டு, அண்டை வீட்டுக்காரரின் வண்டியில் ஏறிப்போனார். போகும்போது என் கையைத் தொடவில்லை, நன்றியும் சொல்லவில்லை. அதற்கு அவசியமும் இல்லை. டெல்பர்ட் இரண்டாவது தட்டு மீன் கேட்டார். அப்பா சமையலறையில் எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வழக்கறிஞருக்குப் போன் செய்துகொண்டிருந்தார். நான் உள்ளே போனதும் பேச்சை நிறுத்தி, நான் வெளியே வந்ததும் தொடர்ந்தார். கர்ட் வாகனம் நிறுத்தும் இடத்தில் தன் காருக்குள், மடியில் மீன் பொட்டலங்களோடு, வானொலியில் பணியிலிருந்த அதிகாரியிடம் ஒரு டிரக்கின் எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஏப்ரனைக் கழற்றி வைத்துவிட்டு என் கார் சாவியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

லைல் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. டிரக்கை எடுத்துக்கொண்டு போயிருந்தான். ஆறு கிளாஸ் குடித்திருந்தான். ஆறையும் ஊற்றிக் கொடுத்தது நான்.